வலக்கையும் இடக்கையும்: லுத்தரன் சபைகள் சமாதானம் பண்ணக் கற்ற கதை

வகுப்பில் சத்தம் கூடினால் ஆசிரியர் மேசையைத் தட்டி "அமைதி, அமைதி" என்பார். போர் ஓய்ந்த நாட்டைப் பற்றி எழுதும் செய்தித்தாளும் "அமைதி திரும்பியது" என்றே எழுதும். சத்தம் இல்லாத நிலைக்கும் சண்டை இல்லாத நிலைக்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். பழைய தமிழ் வேதாகமம் வேறொரு சொல்லை ஆள்கிறது. இயேசுவின் மலைப்பிரசங்கத்தில் "சமாதானம்பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள்" என்று வருகிறது. அமைதி தானாக நிலவும். சமாதானத்தை யாராவது பண்ணியாக வேண்டும். லுத்தரன் சபைகளின் ஐந்நூறு ஆண்டு வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே உள்ள தூரம்தான் என் நினைவுக்கு வரும். அந்தச் சபைகள் நெடுங்காலம் அமைதியாக இருந்தன. சமாதானம் பண்ணக் கற்றது பிற்பாடு, பெரும் விலை கொடுத்து.

லுத்தரன் என்ற பெயர் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1517-இல் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லுத்தரின் வழியில் வந்தவர்கள் இவர்கள். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஒரு லுத்தரன். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை, ஆற்காடு லுத்தரன் திருச்சபை ஆகிய பெயர்களைப் பள்ளிக்கூடப் பலகைகளில் பலர் பார்த்திருப்பார்கள். ஆனால் சமாதானம், அகிம்சை, சமூக நீதி என்று இந்தச் சபைகள் பேசுவதன் அடியில் ஒரு கோட்பாடு இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் மற்ற எதையும் புரிந்துகொள்ள முடியாது.

கடவுள் உலகத்தை இரண்டு கைகளால் ஆள்கிறார் என்றார் லுத்தர். வலக்கை ஆட்சி வார்த்தையால் நடப்பது. மன்னிப்பு, விசுவாசம், திருவிருந்து (ஆராதனையில் அப்பமும் திராட்சரசமும் பகிரும் சடங்கு) எல்லாம் அதில் அடக்கம். அங்கே யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. இடக்கை ஆட்சி சட்டத்தாலும் வாளாலும் நடப்பது. திருடனைப் பிடிப்பது, வரி வாங்குவது, ஊரைக் காப்பது எல்லாம் அந்தக் கையின் வேலை. இரண்டு கைகளும் கடவுளுடையவை. ஆனால் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யக் கூடாது. விசுவாசத்தை மன்னன் வாளால் திணிக்கக் கூடாது; வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு போதகர் நாட்டை ஆளவும் கூடாது. இதைத்தான் 'இரு ஆட்சிகள் கோட்பாடு' என்கிறார்கள்.

மதத்தின் பெயரால் ஆட்களை எரித்துக்கொண்டிருந்த ஒரு நூற்றாண்டில் இது நல்ல யோசனை. ஆனால் இதை எளிதாகத் திரித்துவிடலாம். 'அரசியல் இடக்கையின் வேலை, நமக்கென்ன?' என்று சபை ஒதுங்கிக்கொள்ள இதைவிட வசதியான வாசல் கிடையாது. அந்த வாசலைத் திறந்துவைத்தவரும் லுத்தர்தான். 1525-இல் ஜெர்மானியக் குடியானவர்கள் அடிமைமுறைக்கும் வரிக்கொடுமைக்கும் எதிராக எழுந்தார்கள். முதலில் லுத்தர் இரு தரப்பையும் கண்டித்து, பேசித் தீர்க்கச் சொன்னார். பிரபுக்களின் பேராசைதான் இதற்குக் காரணம் என்றும் எழுதினார். கலவரம் பரவியதும் அவருடைய பேனா திரும்பியது. கிளர்ச்சிக்காரர்களை வெட்டியும் குத்தியும் கொல்லும்படி பிரபுக்களுக்கு எழுதினார். அந்த ஆண்டு மே மாதம் ஃபிராங்கன்ஹவுசனில் ஆயிரக்கணக்கான குடியானவர்கள் கொல்லப்பட்டார்கள். தன் வாழ்வின் கடைசிப் பகுதியில் அவர் யூதர்களைப் பற்றி எழுதியவை இன்னும் கொடியவை. லுத்தரன் சமாதானப் பணியைப் பற்றிப் பேசும் எவரும் இதை மறைத்துவிட்டுத் தொடங்குவது நேர்மையாகாது.

லுத்தரன் சபை போரையே மறுக்கும் சபையும் அல்ல. மெனோனைட்டுகள், குவேக்கர்கள் போன்றோர் ஆயுதத்தைத் தொடவே மறுப்பவர்கள். லுத்தரன்களின் அடிப்படை ஆவணமான, 1530-ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையோ நியாயமான போரில் கிறிஸ்தவர் ஈடுபடலாம் என்கிறது. மெனோனைட்டுகளின் முன்னோரான அனபாப்திஸ்துகளைக் கண்டிக்கவும் செய்கிறது. அந்தக் கண்டனத்தின் நிழலில் பலர் சித்திரவதைக்கு ஆளானார்கள், பலர் கொல்லப்பட்டார்கள். 2010-இல் ஸ்டுட்கார்ட்டில் கூடிய லுத்தரன் உலக சம்மேளனம் அதற்காக மெனோனைட்டுகளிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

அப்படியானால் சமாதானத்தின் விதை இந்த மரபில் எங்கே இருந்தது? என் பார்வையில், சிறுபிள்ளைகள் மனப்பாடம் செய்யும் பாடத்தில் இருந்தது. 1529-இல் லுத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் பத்துக் கட்டளைகளுக்கும் விளக்கம் உண்டு. லுத்தரன்களின் கணக்கில் ஐந்தாம் கட்டளை "கொலை செய்யாதிருப்பாயாக." அயலானின் உடலுக்குத் தீங்கு செய்யாமல் இருந்தால் மட்டும் போதாது, அவனுடைய எல்லாத் தேவைகளிலும் துணைநின்று உதவ வேண்டும் என்று அந்த விளக்கம் சொல்கிறது. கொல்லாமல் சும்மா இருந்தவனும் இந்தக் கட்டளையை நிறைவேற்றியவனாக மாட்டான். நான்கு வரிதான். ஆனால் 'நமக்கென்ன?' என்பவனுக்கு அது தப்பிக்க இடம் வைக்கவில்லை.

இந்த இழுபறி நம் மண்ணிலும் நடந்தது. 1708-இல் தரங்கம்பாடியில் ஓர் ஏழைத் தமிழ்க் கைம்பெண்ணின் கடன் வழக்கில் சீகன்பால்கு தலையிட்டார். எதிர்த்தரப்பு டேனிஷ் கம்பெனியிடம் வேலை பார்த்தவர். போதகருக்கு இங்கே என்ன வேலை என்று கோட்டைத் தளபதி கொதித்தார். சீகன்பால்கு நான்கு மாதங்களுக்கு மேல் சிறையில் இருந்தார். அயலானுக்குத் துணைநிற்கச் சொன்ன ஞானோபதேசத்தை அவர் நடந்து காட்டினார் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

ஆனால் அதே சபையில் ஆராதனைக்கு உட்காரும்போது சாதி பார்த்துத் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தரங்கம்பாடிப் பணியை ஏற்ற ஜெர்மனியின் லைப்சிக் மிஷன், சாதி என்பது சமூக ஒழுங்கு, குடிமை விவகாரம், காலப்போக்கில் தானாகக் கரையும் என்று வாதாடியது. வேறு மிஷன்கள் சாதியை விட்டுவிடும்படி கண்டிப்புக் காட்டிய காலம் அது. இடக்கையின் விவகாரத்தில் சபைக்கு வேலை இல்லை என்ற அதே வாதம்தான் இங்கே வேட்டி கட்டிக்கொண்டு வந்தது. பின்னாளில் சென்னை கீழ்ப்பாக்கத்தின் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி தலித் இறையியலின் முக்கியக் களமாக ஆனது. அர்விந்த் நிர்மல் போன்றோர் அங்கிருந்து எழுதினார்கள். அந்தப் பழைய கடன் அதனால் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

கோட்பாடு தலைகீழாகத் திரும்பிய தருணங்கள் இருபதாம் நூற்றாண்டில் வந்தன. 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த சில வாரங்களிலேயே டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற இளம் லுத்தரன் இறையியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். அரசு அநீதி செய்யும்போது சபைக்கு மூன்று வழிகள் உண்டு என்றார். ஒன்று, நீ செய்வது முறையா என்று அரசைக் கேட்பது. இரண்டு, பாதிக்கப்பட்டவர்கள் எந்த மதத்தினரானாலும் அவர்களுக்கு உதவுவது. மூன்றாவது, சக்கரத்தில் அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போடுவதோடு நிற்காமல் அந்தச் சக்கரத்தையே தடுத்து நிறுத்துவது. மறுவருடம் டென்மார்க்கின் ஃபானோ தீவில் பேசியபோது, பாதுகாப்பைத் தேடும் வழியில் சமாதானம் கிடைக்காது என்றார். காந்தியின் ஆசிரமத்துக்கு வந்து அகிம்சையைக் கற்க அவர் விரும்பினார்; காந்தியும் அழைத்து எழுதினார். அந்தப் பயணம் நடக்கவில்லை. பின்னர் ஹிட்லரைக் கவிழ்க்கும் சதியில் சேர்ந்து, 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார். அகிம்சையை நாடியவர் கொலைச் சதியில் சேர்ந்தது சரியா என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. அவரே தன்னைக் குற்றமற்றவர் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

நார்வேயில் நடந்தது வேறு வகை. அங்கே லுத்தரன் சபை அப்போது அரசு சபையாக இருந்தது. போதகர்கள் அரசு ஊழியர்களாக இருந்தார்கள். நாஜி ஆதரவு ஆட்சி சபையையும் பிள்ளைகளின் கல்வியையும் கைப்பற்ற முயன்றது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. பேராயர் பெர்க்ராவ் முன்னின்று உருவாக்கிய அறிக்கையை ஆலயங்களில் வாசித்துவிட்டு, நாட்டின் மிகப் பெரும்பாலான போதகர்கள் அரசுப் பதவியை விட்டு விலகினார்கள். அரசு தந்த சம்பளத்தையும் பதவியையும் அரசிடமே திருப்பிக் கொடுத்தார்கள். பலிபீடத்தையும் பிரசங்க பீடத்தையும் கொடுக்கவில்லை, ஏனென்றால் அவை அரசு கொடுத்தவை அல்ல. ஒதுங்கிக்கொள்ளப் பயன்பட்ட இரு ஆட்சிகள் கோட்பாடு, ஆயுதம் இல்லாத எதிர்ப்புக்கு இலக்கணமாக மாறியது அன்றுதான்.

அடுத்தது நமீபியா. அந்நாடு தென்னாப்பிரிக்க வெள்ளை ஆட்சியின் பிடியில் இருந்தது. வடக்கே ஒவாம்போ நிலத்திலிருந்து ஆண்களை ஒப்பந்தக் கூலிகளாகச் சுரங்கங்களுக்கும் பண்ணைகளுக்கும் கொண்டுபோவார்கள். மனைவி, மக்களைக் கூட அழைத்துச்செல்ல அனுமதி இல்லை. 1971 ஜூன் 21 அன்று சர்வதேச நீதிமன்றம், தென்னாப்பிரிக்கா அங்கே இருப்பதே சட்டவிரோதம் என்றது. ஒன்பதே நாளில், இரண்டு கறுப்பின லுத்தரன் சபைகளின் தலைவர்களான லெயோனார்ட் அவுவாலாவும் பவுலுஸ் கோவாசெப்பும் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஃபோர்ஸ்டருக்குத் திறந்த மடல் எழுதினார்கள். நடமாடும் உரிமை இல்லை, வாக்குரிமை இல்லை, ஒப்பந்த முறை குடும்பங்களைப் பிரிக்கிறது என்று அதில் இருந்தது. அந்த மடல் ஆலயங்களிலும் வாசிக்கப்பட்டது. ஆலயத்தில் தாங்கள் சேர்த்துவைத்த தம்பதியரைச் சட்டம் பிரிக்கிறது என்றால், அதை அரசியல் என்று சொல்லிப் போதகர்கள் எப்படி விலகியிருக்க முடியும்? ஆண்டு முடிவதற்குள் ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. 1973-இல் ஒனிப்பா என்ற ஊரில் இருந்த சபையின் அச்சகத்தை யாரோ வெடிவைத்துத் தகர்த்தார்கள். சபை மறுபடி கட்டியது. 1980-இல் மீண்டும் தகர்த்தார்கள்.

அச்சுக்கூடத்தை இரண்டு முறை தகர்க்கும் அளவுக்கு ஒரு மடல் பயமுறுத்தியிருக்கிறது. தமிழில் முதல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதும் ஒரு லுத்தரன் அச்சகம் என்பதால் இந்தச் செய்தி எனக்குக் கூடுதலாகவே வலித்தது.

இங்கே ஒரு கலைச்சொல்லை அறிமுகப்படுத்த வேண்டும். 1977-இல் தான்சானியாவின் தாருஸ்ஸலாமில் கூடிய லுத்தரன் உலக சம்மேளனம், அந்த வெள்ளை ஆட்சியின் இனஒதுக்கலை 'விசுவாசத்தையே அறிக்கையிட வேண்டிய நிலை' என்று அறிவித்தது. அதன் பொருள் இதுதான்: வரி எவ்வளவு, எந்தக் கட்சிக்கு வாக்கு என்பதிலெல்லாம் சபைக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். அதோடு சேர்ந்து வாழலாம். ஆனால் சில விஷயங்களில் நடுநிலை என்று ஒன்று கிடையாது. அங்கே தவறினால் விசுவாசமே பொய்யாகிவிடும். திருவிருந்து எல்லோருக்கும் ஒரே பந்தி. தோல் நிறம் பார்த்துப் பந்தியைப் பிரித்தால் அது திருவிருந்தே அல்ல. சமபந்தி என்ற சொல்லுக்காகப் போராட்டம் நடந்த ஊரில் வாழும் நமக்கு இதை விளக்க இறையியல் தேவையில்லை. 1984-இல் புடாபெஸ்ட் மாநாட்டில், இனஒதுக்கலை வெளிப்படையாக நிராகரிக்காத தென்னாப்பிரிக்க, நமீபிய வெள்ளையர் சபைகளின் உறுப்பினர் உரிமை நிறுத்திவைக்கப்பட்டது. சொந்த உறவினரைப் பந்தியிலிருந்து எழுப்புவதுபோன்ற முடிவு அது. நீண்ட வாதத்துக்குப் பிறகுதான் எடுத்தார்கள்.

இனி லைப்சிக். தமிழ்நாட்டுக்கு மிஷனரிகளை அனுப்பிய அதே நகரம். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அது கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனியில் இருந்தது. 1978-இல் அந்த அரசு பள்ளிகளில் ராணுவப் பாடத்தைக் கட்டாயமாக்கியது. சபைகள் எதிர்த்தன, பலனில்லை. பிறகு சாக்சனி லுத்தரன் சபையின் இளைஞர் போதகர் ஹரால்ட் பிரெட்ஷ்நைடர் ஒரு சின்ன வேலை செய்தார். "தங்கள் பட்டயங்களை மண்வெட்டிகளாக அடிப்பார்கள்" என்ற மீகா தீர்க்கதரிசியின் வாக்கை ஒரு சின்னமாக்கினார். படம், வாளை உழுகருவியாக அடிக்கும் மனிதனின் சிலை. அந்தச் சிலை சோவியத் யூனியன் 1959-இல் ஐ.நா. சபைக்குப் பரிசளித்தது! அதைத் தடைசெய்ய எந்தக் கம்யூனிஸ்ட் அதிகாரிக்கும் முகம் வராது. காகிதத்தில் அச்சடிக்க அரசு அனுமதி வேண்டும். துணியில் பதித்தால் அது அச்சு அல்ல, நெசவுத் தொழிலின் ஒரு வேலை, அனுமதி வேண்டாம். எனவே துணியில் பதித்தார்கள்.

இளைஞர்கள் அந்த வட்டத் துண்டைச் சட்டைக் கையில் தைத்துக்கொண்டார்கள். அரசு கண்டுகொண்டபோது பள்ளிகளிலும் தெருக்களிலும் அதைப் பிய்க்க ஆணையிட்டது. மறுத்தவர்களின் படிப்புப் பறிபோனது. சிலர் துண்டைப் பிய்த்துவிட்டு, சட்டையில் அந்த இடத்தில் வட்டமாக ஓட்டை விட்டுக்கொண்டு நடந்தார்கள். அந்த ஓட்டையைப் பார்த்தவர்களுக்கெல்லாம் அங்கே என்ன இருந்தது என்று தெரியும்.

1982 செப்டம்பரிலிருந்து லைப்சிக்கின் நிக்கோலாய் ஆலயத்தில் திங்கள்தோறும் மாலை ஐந்து மணிக்கு சமாதான ஜெபம் நடந்தது. சில நாட்களில் பத்துப் பேர்கூடத் தேறமாட்டார்கள். போதகர் கிறிஸ்டியான் ஃப்யூரர் விடாமல் நடத்தினார். நாட்டை விட்டு வெளியேற மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள், சுற்றுச்சூழல் ஆர்வலர்கள், கடவுளை நம்பாதவர்கள் எல்லோரும் வரலாம் என்று ஆலய வாசலில் 'அனைவருக்கும் திறந்திருக்கிறது' என்ற பலகை இருந்தது. எல்லாம் சுமுகமாகவும் நடக்கவில்லை. 1988-இல் சபை நிர்வாகமே பயந்து, ஜெபத்தை நடத்தும் பொறுப்பைச் சீர்திருத்தக் குழுக்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. குழுக்கள் சண்டையிட்டே அதைத் திரும்பப் பெற்றன. பழைய 'நமக்கென்ன' அங்கேயும் எட்டிப்பார்த்தது.

1989 அக்டோபர் 9. இரண்டு நாள் முன்புதான் கிழக்கு ஜெர்மனியின் 40-ஆம் ஆண்டு விழா. அன்றும் ஊர்வலம் போனவர்கள் அடிபட்டிருந்தார்கள். ஜூன் மாதம் பெய்ஜிங்கில் சீன அரசு மாணவர்களைச் சுட்டதை கிழக்கு ஜெர்மனித் தலைமை ஆதரித்திருந்தது. இங்கேயும் அதுதான் நடக்கும் என்று பேச்சு. மருத்துவமனைகள் ரத்தம் சேமித்துவைத்திருப்பதாகச் செய்தி பரவியது. மதியத்திலிருந்தே கட்சி உறுப்பினர்கள் சில நூறு பேர் ஆலயத்துக்குள் வந்து இடம்பிடித்து உட்கார்ந்துகொண்டார்கள், மற்றவர்கள் வராமல் தடுக்க. ஃப்யூரர் அவர்களையும் வரவேற்றார். அனுப்பப்பட்டவர்கள் வேறு வழியின்றி மலைப்பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று நகரின் நான்கு ஆலயங்களில் ஜெபம் நடந்தது. இசை நடத்துநர் குர்ட் மசூர் உட்பட ஆறு பேர் சேர்ந்து எழுதிய வேண்டுகோள் வாசிக்கப்பட்டது. அந்த ஆறு பேரில் மூவர் கட்சியின் மாவட்டச் செயலர்கள். பேசித் தீர்க்கலாம், நிதானம் காக்கவும் என்று அது கேட்டுக்கொண்டது. நகரின் ஒலிபெருக்கிகளிலும் மசூரின் குரல் ஒலித்தது. கதவு திறந்தபோது உள்ளிருந்தவர்களால் வெளியே வரவே முடியவில்லை. சதுக்கம் முழுக்கப் பல்லாயிரம் பேர், கையில் மெழுகுவர்த்தியோடு. ஃப்யூரர் பின்னாளில் இதைப் பற்றிச் சொல்வதுண்டு: மெழுகுவர்த்தி ஏந்த இரண்டு கைகளும் வேண்டும், ஒன்று பிடிக்க, மற்றொன்று காற்றில் அணையாமல் மறைக்க. கல் எடுக்கக் கை மிஞ்சாது.

சுமார் எழுபதாயிரம் பேர் நகரின் வட்டச்சாலையைச் சுற்றி நடந்தார்கள். "வன்முறை வேண்டாம்" என்பது முழக்கம். ரகசியப் போலீஸ் அலுவலகத்தைக் கடந்தபோதும் ஒரு கண்ணாடி உடையவில்லை. ஆயிரக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்த காவல் படை பின்வாங்கியது. சரியாக ஒரு மாதம் கழித்து, நவம்பர் 9 இரவு, பெர்லின் சுவர் திறந்தது. இதை ஆலயம் மட்டும் சாதித்தது என்று சொன்னால் அது பொய். ஹங்கேரி எல்லையைத் திறந்தது, சோவியத் தலைவர் கோர்பச்சேவ் படை அனுப்பவில்லை, கடைகளில் பொருள் இல்லை. ஆனால் அந்த இரவு ரத்தம் சிந்தாமல் கழிந்ததில், ஏழு ஆண்டுகளாகத் திங்கள்தோறும் நடந்த ஜெபத்துக்குப் பங்கு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அகிம்சை என்பது அன்று மாலை தோன்றிய உணர்ச்சி அல்ல. பத்துப் பேர் வந்த நாட்களிலும் கதவைத் திறந்துவைத்துப் பழகிய பழக்கம்.

கடைசியாக, உள்நாட்டுப் போரில் சிக்கிய மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியா. 1990 ஜூலை 29 இரவு, தலைநகர் மன்ரோவியாவின் தூய பேதுரு லுத்தரன் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்களை அரசுப் படையினர் சுட்டும் வெட்டியும் கொன்றார்கள். ஏறக்குறைய 600 பேர், பெண்களும் குழந்தைகளும் உட்பட. கூட்டமாகப் புதைக்கப்பட்டவர்களின் கல்லறைகள் ஆலய வளாகத்திலேயே இருக்கின்றன.

அந்தப் படுகொலைக்குப் பின் லைபீரிய லுத்தரன் சபை, மனக்காயம் ஆற்றும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. போரில் சிக்கியவர்களை, போரிட்டவர்களையும்கூட, உட்காரவைத்துப் பேசவைக்கும் வேலை. 1998-இல் லேமா குபோவி என்ற இளம் தாய் அங்கே தொண்டராகச் சேர்ந்தார். கணவரின் கொடுமையிலிருந்து தப்பி, குழந்தைகளோடு வந்தவர். முன்னாள் சிறுவர் படையினரிடம் வேலை செய்தார். ஆட்களைக் கொன்ற சிறுவர்கள், இன்னும் பால்முகம் மாறாதவர்கள். அவர்களோடு பேசிப் பேசித்தான், இந்தச் சமூகத்தில் மாற்றம் வந்தால் அது தாய்மார்களால்தான் வரும் என்ற முடிவுக்கு வந்ததாக அவர் சொல்லியிருக்கிறார்.

2003-இல் அவர் முன்னின்று திரட்டிய பெண்கள் வெள்ளை உடுத்தி, மன்ரோவியாவின் மீன் சந்தை அருகே திறந்த வெளியில் வந்து உட்கார்ந்தார்கள். வெயிலிலும் மழையிலும் நாள்தோறும். கிறிஸ்தவப் பெண்களோடு முஸ்லிம் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். இருவரும் அவரவர் முறையில் தொழுதார்கள். ஜனாதிபதி சார்லஸ் டெய்லரின் வாகன வரிசை அந்தச் சாலை வழியாகத்தான் போகும். அரசுக்கும் கிளர்ச்சிப் படைகளுக்கும் நடந்த சமாதானப் பேச்சுவார்த்தை கானாவின் அக்ராவுக்கு நகர்ந்தபோது பெண்களும் அங்கே போனார்கள். பிரதிநிதிகள் விடுதியில் வசதியாகத் தங்கிக்கொண்டு வாரக்கணக்கில் இழுத்தடித்தார்கள். அங்கே ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. ஒருநாள் பெண்கள் கூட்ட அரங்கின் வாசலில் கைகோத்து உட்கார்ந்து, முடிவு எடுக்காமல் யாரையும் வெளியே விடமாட்டோம் என்றார்கள். காவலர்கள் கைதுசெய்ய வந்தபோது குபோவி தன் உடையைக் களையத் தொடங்கினார். தாய் வயதுப் பெண் தன்னை அப்படிக் காட்டுவது பார்ப்பவனுக்குச் சாபம் என்பது அந்த மண்ணின் நம்பிக்கை. காவலர்கள் பின்வாங்கினார்கள். சில வாரங்களில், ஆகஸ்ட் 18 அன்று, சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. 2011-இல் அவருக்கு நோபல் அமைதிப் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

அவர் தொண்டராகச் சேர்ந்த அந்தத் திட்டத்தின் அலுவலகம் தூய பேதுரு ஆலய வளாகத்தில்தான் இருந்தது. காலையில் சிறுவர்களோடு பேச வரும்போதும் மாலையில் பிள்ளைகளிடம் திரும்பும்போதும், அறுநூறு பேர் இறந்த மண்ணின் மேல்தான் அவர் நடந்து போனார்.